மிளிருக்கு ஒரு முதல் ஞாபகம்

முன்பெல்லாம் சின்னப் பிள்ளைகளோடு ஊர் சுற்றக் கிளம்பினால் யாராவது ஒருவர் வாசலில் நின்று சொல்வார்: "இதுகளுக்கு என்ன தெரியப் போகுது, நாளைக்கே மறந்துரும். அலைச்சல்தான் மிச்சம்." ஞாபகச் சொட்டு வந்ததும் அந்த வாயெல்லாம் அடைபட்டுப் போயின. பதிலுக்கு வேறொரு கேள்வி கிளம்பியது. "பாப்பாவுக்கு எங்க வெச்சிருக்கீங்க?"

காதுகுத்துக்குத் தேதி கேட்பதுபோலத்தான் கேட்பார்கள். கனிஷ்கா ஒரு வருடமாகப் பதில் சொல்ல முடியாமல் முழித்துக்கொண்டிருந்தாள். மூத்தவள் மிளிருக்கு அடுத்த வாரம் ஐந்து வயது முடிகிறது. அதற்குப் பிறகு சொட்டு வேலை செய்யாது.

மருந்தைக் கையில் கொடுத்த டாக்டரம்மா திரும்பத் திரும்பச் சொல்லித்தான் அனுப்பினார். "ரெண்டரை வயசுக்கு மேல, அஞ்சுக்குள்ள. ஆயுசுக்கு ஒரே தடவை. குடிச்சு அரைமணி நேரத்துல வேலை ஆரம்பிக்கும். அடுத்த தூக்கம் வரைக்கும் குழந்தை என்ன பார்க்குதோ, என்ன கேக்குதோ, அது அப்படியே தங்கிரும். எண்பது வயசுலயும் நேத்து நடந்த மாதிரி இருக்கும்."

"நடுவுல தூங்கிட்டா?"

"அவ்வளவுதான், கடையைச் சாத்திரும். பாட்டிலைத் திறந்தா ஒரு மணி நேரத்துக்குள்ள குடுத்துருங்க. அப்புறம் அது வெறும் தண்ணி."

"வீட்டுக்காரர்கூடச் சண்டை கிண்டை வந்துச்சுன்னா?"

"அதுவும் தங்கும்," என்றார் டாக்டரம்மா. "அதனாலதான் சொல்றேன், அன்னைக்கு ஒரு நாள் ரெண்டு பேரும் வாயைக் கட்டுங்க."

வாயைக் கட்டுவது பெரிய காரியமில்லை, இடம் பிடிப்பதுதான் பெரும்பாடு. கனிஷ்காவின் நாத்தனார் தன் மகனைக் கன்னியாகுமரிக்குக் கூட்டிப் போய் சூரிய உதயம் காட்டினாள். பையனுக்கு ஆயுசுக்கும் தங்கியது, முன்னால் நின்ற மனிதரின் கட்டம் போட்ட சட்டை. எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் கும்பாபிஷேகம். அவள் இன்றைக்கும் கூட்டத்தில் தொலைந்த செருப்பைத் தேடுகிறாள். இப்படி ஊரெல்லாம் சொத்தை ஞாபகங்களோடு பிள்ளைகள் வளர்வதைப் பார்த்துப் பார்த்துத்தான் கனிஷ்கா கொல்லிமலையின் படிவயலைத் தேர்ந்தெடுத்தாள். மலைச்சரிவில் படிப்படியாக நெல், படிக்குப் படி தண்ணீர், தண்ணீருக்குள் ஆகாயம். கூட்டம் கிடையாது, இரைச்சல் கிடையாது. ஒரு வயல் யாரை என்ன செய்துவிடப் போகிறது என்பது அவளுடைய கணக்கு.

கணவன் சிபிக்கு எல்லாம் சம்மதம். கல்யாணத்துக்கு மண்டபம், மண்டபத்துக்குச் சமையல்காரர், சமையல்காரருக்குப் பாயசம் என்று எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தவள் அவள்தான். வயலை மட்டும் அவனிடமா கேட்கப் போகிறாள். இளையவன் ஆதனுக்கு ரெண்டரை தாண்டி ஒரு மாதம்தான் ஆகிறது. அவனுக்குக் கடல் என்று கனிஷ்கா முன்பே முடிவு செய்துவிட்டாள். அதற்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. அதனால் இந்தப் பயணத்தில் அவன் வெறும் ஒட்டுச்சாமான்.

கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவு. வண்டி தானாக ஓடிக்கொள்ளும், ஆனால் வயிறு தானாகத் தாங்கிக்கொள்ளாதே. அடிவாரத்தில் ஆதனுக்கு வாந்தி மருந்து கொடுக்க வேண்டும் என்பது இருவருக்கும் மறந்துபோனது. பாதி மலையில் அவன் காலையில் சாப்பிட்ட இட்லியைக் கனிஷ்காவின் மடியில் திருப்பிக் கொடுத்தான். வண்டியை ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு அவள் குழாயைத் தேடி ஓடினாள்.

"மாமா, அவனுக்கு இப்பவாச்சும் மருந்தக் குடுங்க," என்று குழாயடியிலிருந்து குரல் கொடுத்தாள். "மிளிருக்கும் சொட்டைக் குடுத்துருங்க, மேல போறதுக்கும் அரைமணி நேரம் ஆவறதுக்கும் சரியா இருக்கும். ஆளுக்கு ஒரு ஃபில்லர்."

"குடுத்தாச்சு, குடுத்தாச்சு," என்றான் சிபி.

அந்த நிமிடத்திலிருந்து குடும்பத்தின் குரலே மாறிவிட்டது.

"ஏன் தங்கம், டயப்பர் பையை வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டீங்களா தங்கம்?" என்றாள் கனிஷ்கா, பல் தெரியச் சிரித்துக்கொண்டு.

"நீதான எடுத்து வெக்கறேன்னு சொன்ன செல்லம்," என்றான் சிபி, அதைவிடப் பெரிதாகச் சிரித்து.

"நான் எப்பங்க சொன்னேன் கண்ணு?"

மேலே போய்ப் பார்த்தால் மலைச்சரிவு முழுக்க இதே பாஷைதான். வரப்புக்கு ஒரு குடும்பமாக நின்றுகொண்டு, புருஷனும் பெண்டாட்டியும் வரவேற்பு மேடையில் நிற்பதுபோல் இளித்தபடி ஒருவரையொருவர் கடித்துக் குதறிக்கொண்டிருந்தார்கள். நடுவில் சுத்தமான உடுப்பில் ஒவ்வொரு பிள்ளை. எல்லாப் பிள்ளைகளும் ஒரே திசையைப் பார்த்து நின்றார்கள். எல்லார் முதுகுக்குப் பின்னாலிருந்தும் ஒரே சத்தம்: "அங்க பாரு. அங்க பாரு சாமி."

காட்சியைக் குறை சொல்ல முடியாது. கீழ்ப்படியில் பத்துப் பெண்கள் சிவப்புச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரிசையாகக் குனிந்து நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். அவ்வப்போது நிமிர்ந்து பிள்ளைகளைப் பார்த்துக் கையசைத்தார்கள். அவர்களில் முன்னால் நின்றவளின் கழுத்தில் 'அங்காயி' என்று பெயரட்டை தொங்கியது. ஐம்பது வயதிருக்கும். கையசைப்பதில் அவளுக்குத்தான் முதலிடம், மணிக்கட்டை மட்டும் திருப்பி, அம்மன் ஊர்வலத்தில் வருவதுபோல்.

"அங்க பாரு மிளிர், அங்காயி அம்மா கையாட்டறாங்க," என்றாள் கனிஷ்கா, மகளின் தோளைப் பின்னாலிருந்து பிடித்துத் திருப்பி.

மிளிர் கொட்டாவி விட்டாள்.

கனிஷ்கா அவள் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். "தூங்கிடாத தங்கம். அங்க பாரு, கொக்கு. மாமா, அவ மொகத்துல கொஞ்சம் தண்ணி தெளிங்க."

விசித்திரம் என்னவென்றால், வாந்தி மருந்து குடித்தால் சுருண்டு படுத்துவிடும் ஆதன் அன்றைக்கு வாலில் தீ வைத்ததுபோல் திரிந்தான். அவனை யாரும் எதையும் பார்க்கச் சொல்லவில்லை. கால்சட்டையைக் கழற்றி வாய்க்காலில் விட்டான். அது மிதந்து போவதைக் கைதட்டி வழியனுப்பினான். சேற்றை ஒரு பிடி அள்ளித் தின்று பார்த்தான். ஒவ்வொன்றையும் முடித்த கையோடு ஓடிவந்து கனிஷ்காவின் உடுப்பைப் பின்னாலிருந்து இழுத்தான். "அம்மா."

"இரு சாமி. அக்காவுக்கு முடிச்சுட்டு வரேன்."

"அம்மா, அம்மா."

"அப்பாகிட்டப் போ."

மத்தியானம் நடவுப் பெண்களுக்குச் சாப்பாட்டு நேரம் வந்தது. அங்காயி வரப்பில் கால் நீட்டி உட்கார்ந்து தூக்குப்போசியைத் திறந்தாள். பக்கத்தில் நின்ற கனிஷ்கா பேச்சுக் கொடுத்தாள். "இது உங்க வயல் நெல்லுங்களா?"

"இது கீழ கடையில வாங்குன அரிசிங்க. இங்க எங்க நெல்லு வெளையுது?" என்றாள் அவள். "இப்ப நட்ட நாத்தைச் சாயங்காலம் புடுங்கி வேரைக் கழுவி வெச்சிருவோம். காத்தால மறுபடியும் நடுவோம். வருசம் முன்னூத்தறுவத்தஞ்சு நாளும் நடவுதான், ஒரு நாளும் கருதறுப்பு கிடையாது. கருது வந்தா மஞ்சளாயிருமாம், புள்ளைங்க ஞாபகத்துக்குப் பச்சைதான் நல்லதுன்னு கம்பெனிக்காரங்க சொல்லிட்டாங்க. என்ர பேரே அங்காயி இல்லீங்க. சங்கீதா. அது மலைக்குப் பொருத்தமா இல்லையாம்."

இப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பதினெட்டு வயதுப் பையன் ஒருவன், முதுகுப்பையும் கையில் ஒரு ஜவுளிக்கடைப் பையுமாக வரப்பில் வந்து நின்றான். சங்கீதாவையே பார்த்தான். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

சங்கீதா சோற்றை விழுங்கிவிட்டு நிதானமாகக் கேட்டாள். "சின்னதுல வந்தியா சாமி? வா, உக்காரு."

"நீங்க என்னைப் பாத்துக் கையாட்டினீங்க," என்றான் அவன். "இதே செவப்புச் சேலை. மூக்குல சேறு ஒட்டியிருந்துச்சு. நான் மொதமொதல்ல பாத்த மொகம் உங்க மொகந்தான்."

"ஆட்டியிருப்பேன். அதான வேலை. காப்பி குடிச்சியா?" என்றவள் கனிஷ்காவின் பக்கம் திரும்பினாள். "இப்படித்தானுங்க, மாசத்துக்கு ரெண்டு மூணு வரும். ஒண்ணு சேலை கொண்டாரும், ஒண்ணு கல்யாணப் பத்திரிகை கொண்டாரும். எனக்கு ஒருத்தரையும் அடையாளம் தெரியாது. ஆனா பாருங்க, எத்தனையோ பேர் மண்டைக்குள்ள நான் நாத்து நட்டுட்டு நிக்கறேன்."

கனிஷ்கா அந்தப் பையனிடம் சும்மாதான் கேட்டாள். "உங்க அம்மாவும் அன்னைக்குக் கூட இருந்திருப்பாங்களே?"

"இருந்தாங்களுங்க. குரல் இருக்குது. 'அங்க பாரு, அங்க பாரு'ன்னு பின்னாடி இருந்து சொல்லிட்டே இருப்பாங்க. தோள் மேல கை இருக்குது. மொகம் மட்டும் இல்ல." அவன் கொஞ்சம் வெட்கப்பட்டுச் சிரித்தான். "நானும் எத்தனையோ தடவை திரும்பிப் பாக்கோணும்னு நெனைப்பேன். ஞாபகத்துல எப்படிங்க திரும்பறது? அன்னைக்கு என்ன திரும்பினனோ அவ்வளவுதான்."

"இப்படி ஒரு பையனோட அம்மா போன வருசம் தனியா வந்து என்னைய ஒரு மொறை மொறைச்சுட்டுப் போச்சு," என்றாள் சங்கீதா. "கம்பெனிக்காரன் கையாட்டச் சொன்னான், ஆட்டுனேன். என்ர மேல என்னங்க தப்பு?"

காலையிலிருந்து கனிஷ்கா மகளின் முதுகுக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள். ஒரு வருடம் அலைந்து திரிந்து, தன் பெண்ணின் ஆயுசுக்கும் முதல் முகமாக யாரோ ஒரு சங்கீதாவை ஏற்பாடு செய்து வைத்திருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை முட்டியது. ஆனால் அழக்கூடாதே, அதுவும் தங்கிவிடும். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இருந்ததிலேயே நல்ல உடுப்போடு, வரப்பிலிருந்து வயலுக்குள் குதித்தாள்.

சேறு முழங்கால் வரை இழுத்துக்கொண்டது. அங்கேயே மகளுக்கு நேர் எதிரே திரும்பி நின்று இரண்டு கையையும் விரித்தாள். "மிளிர், அம்மாவைப் பாரு."

"நகரும்மா, மறைக்குது," என்றாள் மிளிர்.

"எதுவும் பாக்க வேண்டாம் தங்கம். அம்மா மொகத்தை மட்டும் பாரு. நல்லாப் பாத்து வெச்சுக்க."

மிளிர் இடப்பக்கம் எட்டிப் பார்த்தாள். கனிஷ்கா இடப்பக்கம் நகர்ந்தாள். மிளிர் வலப்பக்கம் எட்டிப் பார்த்தாள். கனிஷ்கா வலப்பக்கம் நகரப் போனாள், கால் வரமாட்டேன் என்றது, உடம்பு மட்டும் போனது. பொத்தென்று நாற்றுக்கு நடுவில் உட்கார்ந்தாள். தலைமுடியெல்லாம் சேறு.

அன்றைக்கு முதல் தடவையாக மிளிர் சிரித்தாள். யாரும் தடுப்பதற்குள் அவளும் குதித்துவிட்டாள்.

அப்புறம் நடந்தது எதுவும் கம்பெனிக் கையேட்டில் இல்லாதது. தாயும் மகளும் சேற்றை வாரி ஒருவர் மேல் ஒருவர் அப்பிக்கொண்டார்கள். கம்பத்தில் இருந்த ஒலிபெருக்கி, வயலுக்குள் இறங்க வேண்டாம் என்று மென்மையாகக் கெஞ்சியது. சங்கீதா போசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, ஒரு வரிசை முழுக்கச் சாய்ந்துகிடந்த நாற்றைப் பார்த்து, மலைக்கே பொருத்தமான குரலில் திட்டினாள். "ஏ அம்மிணி, உனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்குது? அத்தனையும் யாரு நடறது?" பக்கத்து வரப்புகளில் அப்பாமார்கள் அவசர அவசரமாகப் பிள்ளைகளின் காதைப் பொத்தினார்கள். சிபியின் இடுப்பிலிருந்த ஆதன் இரண்டு கையையும் நீட்டி, "அம்மா, நானு. நானு," என்று துடித்தான்.

"இரு சாமி, இரு. அக்கா பாத்துட்டு இருக்கா," என்றாள் கனிஷ்கா, திரும்பாமலே.

சாயங்காலம் வாய்க்காலில் உடம்பைக் கழுவிக்கொண்டு வண்டிக்கு வந்தபோது அவளுக்கு மனம் நிறைந்திருந்தது. நூற்றுக்கு நூறு சுத்தமான ஞாபகம் என்று சொல்ல முடியாது, ஆனால் அதில் அம்மா இருக்கிறாள். முகத்தோடு இருக்கிறாள். அது போதும். மிளிர் இருக்கையில் சாய்ந்து கண் சொருகினாள். இனிமேல் தூங்கலாம்.

கனிஷ்கா பையைத் துழாவி வாந்தி மருந்தை எடுத்தாள். இறங்கும்போதாவது மடி தப்பட்டும் என்று ஆதனின் வாய்க்கு நேரே ஃபில்லரை நீட்டினாள்.

"அது என்ர மருந்து," என்றாள் மிளிர், அரைக்கண்ணில். "ஆரஞ்சு வாசம். காத்தால அப்பா எனக்கு அதுதான் குடுத்தாரு."

"இல்ல சாமி. உனக்குக் குடுத்தது வேற."

"அதேதான். இனிப்பா இருந்துச்சு. கசப்பு மருந்து தம்பிக்கு. அவன் துப்பப் பாத்தான், அப்பா மூக்கைப் புடிச்சு ஊத்துனாரு." இதைச் சொல்லிவிட்டு மிளிர் தூங்கிப்போனாள்.

கனிஷ்கா மெதுவாகத் திரும்பிச் சிபியைப் பார்த்தாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"ரெண்டும் பழுப்புப் பாட்டில் செல்லம்," என்றான். "அவன் ஒருபக்கம் கத்துறான், நீ ஒருபக்கம் கத்துற."

காலையில் மிளிர் ஏன் கொட்டாவி விட்டாள், ஆதன் ஏன் நாள் முழுக்கக் கண்ணயரவில்லை என்பதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கியது. திறந்த பாட்டிலில் இப்போது இருப்பது வெறும் தண்ணீர். புதிதாக ஒன்றுக்குப் பதிந்து வைத்தால் மூன்று மாதம் ஆகும், மிளிருக்கோ அடுத்த வாரம் ஐந்து. அவளுக்கு இந்த வயலும் இல்லை, சேறும் இல்லை, சேற்றில் உட்கார்ந்த அம்மாவும் இல்லை. நம் எல்லாருக்கும் ஏதோ தானாக ஒன்று தங்கியதுபோல் அவளுக்கும் ஏதோ ஒன்று தங்க வேண்டியதுதான்.

அதைக்கூடக் கனிஷ்கா தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாமல் போனது அடுத்த நினைப்பு. ஆதனுடைய நாளை அவள் காலையிலிருந்து ஓட்டிப் பார்த்தாள். வாய்க்கால், சேறு, ஓட்டம், எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. ஒவ்வொன்றின் கடைசியிலும் அம்மாவின் முதுகு. இரு சாமி. அப்பாகிட்டப் போ. நாள் முழுக்க மகளின் கண்ணுக்குள் தன் முகத்தைத் திணிப்பதற்காகச் சுற்றிச் சுற்றி நின்றவள், மகனுக்குக் காட்டியதெல்லாம் ஈரப் பின்னலும் சேறு ஒட்டிய முதுகும்தான். எண்பது வயதிலும் அவனுக்கு அது நேற்று நடந்ததுபோல் இருக்கும்.

"கனி," என்றான் சிபி. "என்னைத் திட்டு. வீட்டுக்குப் போய்த் திட்டு."

"அவன் தூங்கிட்டானா?"

"இல்ல. முழிச்சுட்டுத்தான் இருக்கான்."

கனிஷ்கா வாந்தி மருந்தை மூடிப் பைக்குள் போட்டாள்.

"அதைக் குடுத்துரலாமே. எழுபது வளைவு, வாந்தி எடுத்துருவான்," என்றான் சிபி.

"எடுக்கட்டும். குடுத்தா உடனே தூங்கிருவான்."

வண்டியைக் கிளம்பச் சொல்லிவிட்டு, தன் இருக்கையைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டு, ஆதனுக்கு நேர் எதிரே முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்தாள். அவன் அவளைச் சந்தேகமாகப் பார்த்தான். காலையிலிருந்து கிடைக்காத ஒன்று இப்போது இத்தனை பக்கத்தில் வந்தால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

"அம்மா," என்றான், சோதித்துப் பார்ப்பதுபோல்.

"சொல்லு சாமி."

அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. கால்சட்டை தண்ணீரில் போனதைச் சொன்னான். கொக்கு பறந்ததைச் சொன்னான். சேறு உப்பாக இருந்ததைச் சொல்லி நாக்கை நீட்டிக் காட்டினான். சட்டைப் பையிலிருந்து ஒரு நத்தையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். இதைக் காட்டத்தான் அத்தனை தடவை கூப்பிட்டானா என்று அவள் கேட்கவில்லை. நத்தையைப் பார்த்தாள், உடனே கண்ணை எடுத்து அவனைப் பார்த்தாள்.

வளைவுக்கு வளைவு அவன் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. "நகந்துக்க கனி, வருது," என்று சிபி துண்டை நீட்டினான். அவள் நகரவில்லை. ஆதன் அவள் முகத்தைப் பார்த்தபடியே, வயலில் தின்ற சேறு உட்பட எல்லாவற்றையும் அவள் கழுத்திலிருந்து மடி வரைக்கும் கொட்டினான். பிறகு பயந்துபோய் உதட்டைப் பிதுக்கினான், திட்டு விழும் என்று.

கனிஷ்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நடிப்பில்லாத சிரிப்பு, அடக்க முடியாத சிரிப்பு. அவன் கொஞ்ச நேரம் அவளையே உற்றுப் பார்த்தான். அப்புறம் அவனும் சிரித்தான். இன்னும் பாதி வளைவுகள் மீதியிருந்தன. அவன் கண் சொக்கிச் சாயும்வரை, நாற்றத்தோடும் சிரிப்போடும், அவள் முகத்தை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பவே இல்லை.